இன்று உங்கள் கையில் எது?

கைக்கடிகாரப் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. முத்திரை சேர்ப்பவர்கள், பூனை வளர்ப்பவர்கள், ஓர்கிட் செடிகளுக்குப் பின்னால் அலைபவர்கள் போல இவர்களும் ஓர் இனம். இவர்களுக்குள்ளே தினமும் நடக்கும் சம்பிரதாயம் ஒன்று உண்டு. காலையில் கையில் கட்டிக்கொண்ட கடிகாரத்தைப் படம் பிடித்துத் தம்மைப் போன்ற மற்றவர்களுக்குக் காட்டுவது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இன்று உங்கள் கையில் எது? பதிலும் நீண்ட பதில் அல்ல. மணிக்கட்டின் படம், கடிகாரத்தின் பெயர், விரும்பினால் இரண்டு வரிக் கதை.

பல்கலைக்கழகத்தில் என்னோடு பௌதிகவியல் படித்த சிநேகிதி ஒருத்திக்கு இந்தப் பைத்தியம். அவளும், கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய தம்பியும், ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரும், இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்த சிறிய வட்டத்துக்குள் ஆறு வருடங்களுக்கு முன் என்னையும் இழுத்துவிட்டாள். அன்றிலிருந்து சுபஹுக்குப் பின் தேநீர் குடிக்கும் நேரத்தில் ஏழெட்டு மணிக்கட்டுகளைப் பார்ப்பது எனக்கும் பழக்கமாகிவிட்டது. வகுப்பில் என் கையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது ஆம்பிளைகள்ட மணிக்கூடுதானே?" என்று கேட்கும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். ஒற்றை வசனத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது.

முதலில் அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைகளிலும் விளம்பரங்களிலும் உள்ள கைக்கடிகாரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் எல்லாமே பத்து மணி பத்து நிமிடத்தையே காட்டும். முட்கள் இரண்டும் கைகளை விரித்தாற்போல நிற்க, நடுவே நிறுவனத்தின் பெயர் மறையாமல் தெரியும். ஆனால் தினமும் பகிர்ந்துகொள்ளப்படும் படங்களில் பத்துப் பத்து வந்தால் சந்தேகம் எழும். காலை ஆறரைக்கு வந்த படத்தில் பத்துப் பத்தா? திகதி பதினேழாக இருக்க, கடிகாரத்தில் நாலாம் திகதியா? அப்படியானால் அது கையில் கட்டிய கடிகாரமல்ல. படத்துக்காகப் பெட்டியிலிருந்து எடுத்த கடிகாரம். ஓய்வுபெற்ற பொறியியலாளர் இப்படிப் பிடிபடும் ஒவ்வொரு முறையும் நாங்கள் நாலு நாளைக்குப் பகிடி பண்ணுவோம். சொல்வது சிறிய விடயமானாலும் உண்மையாக இருக்கவேண்டும் என்பது இந்தக் கூட்டத்தின் எழுதப்படாத சட்டம்.

கைத்தொலைபேசியில் நேரம் தெரியும்போது இதெல்லாம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். நேரம் பார்ப்பதற்கு இப்போது கைக்கடிகாரம் தேவையில்லை, பரீட்சை மண்டபத்தைத் தவிர. ஆகவே இன்று ஒருவர் கடிகாரம் கட்டுகிறார் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அந்த வேறு காரணங்களைக் கேட்பதற்குத்தான் அந்தக் கேள்வி.

கடந்த மாதம் ஒரு நாள் எங்கள் வட்டத்தில் வந்த பதில்களை எடுத்துக்கொள்கிறேன். சிநேகிதியின் கையில் கேசியோ எஃப்-91டபிள்யூ. கறுப்பு நிறம், இலக்கங்களால் நேரம் காட்டுவது, றெசின் பட்டி. பார்த்தவுடன் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். 1989இல் வெளிவந்தது, அதை வடிவமைத்தவர் ரியூசுகே மொரியாய், கேசியோவில் சேர்ந்து அவர் வடிவமைத்த முதல் கடிகாரம் அது. நிறை 21 கிராம். ஒரு பற்றரி ஏறக்குறைய ஏழு வருடம் தாங்கும். பொறியியலாளரின் கையில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். அவர் வாழ்நாள் முழுவதும் சேமித்து, ஓய்வுபெற்ற நாளில் வாங்கியது. இரண்டுக்கும் விலையில் உள்ள இடைவெளியைச் சொன்னால் மயக்கம் வரும். ஆனால் எது சரியாக நேரம் காட்டும் என்று கேட்டால், கேசியோதான். இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பௌதிகவியல் தேவை.

எந்தக் கடிகாரமாக இருந்தாலும் அதற்குள்ளே ஒன்று ஆடவேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஊசல் ஆடுகிறது. கைக்கடிகாரத்தில் ஊசலைத் தொங்கவிட முடியாது. கை அசைந்தால் குழம்பிவிடும். ஆகவே மெல்லிய தலைமயிரைப் போன்ற சுருள்வில் ஒன்றோடு ஒரு சிறு சக்கரத்தை இணைத்தார்கள். அது ஒரு பக்கம் சுழன்று, வில்லினால் இழுபட்டுத் திரும்பி, மறுபக்கம் சுழலும். சமநிலைச் சக்கரம் என்று இதைச் சொல்லலாம். இன்னொரு பெரிய வில், சுருட்டி வைக்கப்பட்டது, சக்தியைத் தருகிறது. அந்தச் சக்தி ஒரேயடியாக ஓடிவிடாமல், பல்லுக்குப் பல்லாகத் தடுத்து விடுவது ஒரு சிறு நெம்பு. காதருகே வைத்தால் கேட்கும் டிக் டிக் சத்தம் அந்தத் தடுத்தலின் சத்தமே. நான் கட்டியிருக்கும் வகைச் சீக்கோவில் இது மணித்தியாலத்துக்கு 21,600 தடவை நடக்கிறது. செக்கனுக்கு ஆறு. ஒரு நாளைக்கு ஐந்து இலட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு.

குளிர்ந்தாலும் சூடானாலும் அந்தச் சுருள்வில் மாறும். எண்ணெய் காய்ந்தால் மாறும். மேசையில் நிமிர்த்தி வைத்தாலும் கவிழ்த்து வைத்தாலும் மாறும். ஆகவே நாளொன்றுக்கு இருபது செக்கன் முந்துவதோ பிந்துவதோ பழைய பொறிக் கடிகாரத்துக்குக் குற்றமல்ல. ஒரு நாளில் 86,400 செக்கன்கள். அதில் இருபது பிழைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டிய புள்ளி. என் வகுப்பில் அப்படி யாரும் எடுத்ததில்லை. சுவிற்சர்லாந்தில் மிகத் திருத்தமான பொறிக் கடிகாரங்களுக்குச் சான்றிதழ் தரும் நிறுவனமே நாளொன்றுக்கு நாலு செக்கன் பிந்துதல் முதல் ஆறு செக்கன் முந்துதல் வரை ஏற்றுக்கொள்கிறது.

கேசியோவில் ஆடுவது சக்கரம் அல்ல. இசைக்கவர் வடிவில் வெட்டிய குவாட்ஸ் பளிங்குத் துண்டு. பளிங்குக்கு மின் கொடுத்தால் அது அதிரும். செக்கனுக்கு 32,768 தடவை அதிருமாறு அதை வெட்டுகிறார்கள். ஏன் இந்த விசித்திரமான எண்? கணிதம் படிக்கும் பிள்ளைகள் இரண்டாகப் பிரித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். பதினைந்து தடவை பிரித்தால் மிகச் சரியாக ஒன்று வரும். இரண்டின் பதினைந்தாம் அடுக்கு அது. ஒரு சிறிய மின்சுற்று பதினைந்து தடவை பாதியாக்கி, செக்கனுக்கு ஒரு துடிப்பைத் தருகிறது. இவ்வளவு வேகமாக ஆடுவதைக் கை அசைவு பெரிதாகக் குழப்ப முடியாது. அதனால்தான் சில ஆயிரம் ரூபாய்க் கடிகாரம், ஒரு மாதத்தில் அரை நிமிடத்துக்குள்ளேயே பிழைக்கிறது.

இந்த வகையின் முதல் கைக்கடிகாரத்தைச் சீக்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25ஆம் திகதி தோக்கியோவில் விற்பனைக்கு விட்டது. பெயர் அஸ்ட்ரோன். அன்றைய விலை 450,000 யென். ஒரு சிறிய கார் வாங்கக்கூடிய பணம். பத்து வருடத்துக்குள் அதே நுட்பம் நடைபாதைக் கடைக்கு வந்துவிட்டது. சுவிற்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் கடிகாரம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். அங்கு அந்தத் தொழிலில் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எண்பதுகளின் நடுப்பகுதிக்குள் வெளியேறிவிட்டனர். திருத்தமே எல்லாம் என்றால் பொறிக் கடிகாரம் அன்றோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. பொறியியலாளர் தன் ஸ்பீட்மாஸ்டரைப் பற்றிச் சொல்லும்போது நேரத்தைப் பற்றிச் சொல்வதே இல்லை. 1969 ஜூலையில் சந்திரனில் நடந்த போது பஸ் ஓல்ட்ரினின் கையில் இருந்தது இந்த வகை. ஆம்ஸ்ட்ரோங் தன்னுடையதைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார்; உள்ளே இருந்த இலத்திரனியல் நேரங்காட்டி பழுதாகிவிட்டதால் அதற்குப் பதிலாகத் தொங்கவிட்டாராம். சிறு வயதில் இவற்றைப் பத்திரிகையில் வாசித்த ஒரு பையன் அறுபது வயதில் அந்தக் கடிகாரத்தைக் கட்டுகிறான். அவருடைய இரண்டு வரிக் கதை இதுதான்.

கேசியோவின் கதை இவ்வளவு இனிமையானதல்ல. உலகில் மிக மலிவாகவும் மிக அதிகமாகவும் கிடைக்கும் கடிகாரங்களில் ஒன்று என்பதாலேயே அது ஒரு கொடுமையான பட்டியலிலும் இடம்பிடித்தது. குவாண்டானாமோ சிறையில் அடைக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க இராணுவம் எழுதிய ஆவணங்களில், கைதாகும்போது கையில் எஃப்-91டபிள்யூ இருந்தது என்பது சந்தேகத்துக்கான அடையாளங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருந்தது. குண்டு தயாரிப்புப் பயிற்சியில் அந்த வகை கொடுக்கப்பட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். எங்கள் ஊர் மீன் சந்தையில் ஒரு சுற்று நடந்தால் அதே கடிகாரத்தைப் பத்துக் கைகளிலாவது காணலாம். ஒருவர் கையில் இருப்பதைப் பார்த்து அவரை யார் என்று முடிவு செய்யும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தெரியவில்லை. சிநேகிதி அந்தக் கடிகாரத்தைக் கட்டுவதே இதனால்தான். கண்டியில் வங்கி உத்தியோகத்தராக இருப்பவள், பட்டுச் சாரிக்குக்கூட அதைத்தான் கட்டுவாள்.

இனி ஆம்பிளை மணிக்கூட்டுக்கு வருகிறேன்.

கைக்கடிகாரமே முதலில் பெண்களின் பொருள். நேப்பிள்ஸ் நாட்டின் இராணியும் நெப்போலியனின் தங்கையுமான கரோலின் மியூரா, 1810இல் பிரெகே என்னும் பாரிஸ் கடிகாரக் கலைஞரிடம் கையில் அணியக்கூடிய கடிகாரம் ஒன்றுக்குக் கட்டளை கொடுத்தார். 1812இல் அது செய்து முடிந்தது. கையில் அணியவென்றே செய்யப்பட்டதாகப் பதிவேட்டில் உள்ள முதல் கடிகாரம் அதுவே என்று பலர் கருதுகிறார்கள். தலைமயிரும் பொன்னிழையும் சேர்த்துப் பின்னிய பட்டியாம். பதிவேடு இருக்கிறது, கடிகாரம் இன்று இல்லை. அதன் பிறகு நூறு வருடமளவில் ஆண்கள் சங்கிலியில் கோத்த கடிகாரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். கையில் கட்டுவது பெண்தனம் என்று கேலி செய்தார்கள். தென்னாபிரிக்காவில் நடந்த போவர் யுத்தத்திலும் பின்னர் முதலாம் உலக மகா யுத்தத்திலும், ஒரு கையில் துப்பாக்கியோடு மறு கையைப் பைக்குள் விட்டு நேரம் பார்க்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் சிப்பாய்கள் மணிக்கட்டில் கட்டினார்கள். யுத்தம் முடிந்து வீடு திரும்பிய போது அது ஆண்களின் பொருளாகிவிட்டது. அதற்குப் பிறகு பெண்களுக்கு எஞ்சியது விரல் நகம் அளவு முகம் கொண்ட, நேரம் பார்க்கக் கண்ணை இடுக்கவேண்டிய சிறு கடிகாரங்கள்.

அந்தச் சிறு கடிகாரங்களைச் செய்வதும் இலேசான வேலையல்ல என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜெஜே-லுகூல்த் நிறுவனம் 1929இல் செய்த 101 என்னும் பொறி ஒரு கிராம் நிறையளவே உள்ளது. உலகின் மிகச் சிறிய கடிகாரப் பொறி என்று இன்றும் சொல்லப்படுகிறது. 1953இல் முடிசூடிய போது இரண்டாம் எலிசபெத் இராணியின் கையில் இருந்தது அது. ஆனால் சேகரிப்போர் இத்தகையவற்றைப் பெரும்பாலும் மதிப்பதில்லை. பெண்கள் கடிகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் வட்டத்திலேயே இதைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. அதை இங்கே விபரிக்கப்போவதில்லை. பொறியியலாளர் தோற்றார்.

கடிகாரத்தின் வரலாற்றில் பெண்களைத் தேடினால் எதிர்பாராத இடங்களில் வருவார்கள். லண்டனில் ரூத் பெல்வில் என்றொரு பெண்மணி நேரத்தை விற்றுப் பிழைத்தார். சொல்லப்போனால் நேரத்தைக் கைப்பெட்டியில் கொண்டுபோய் விற்றார். ஜோன் ஆர்னல்ட் என்பவர் செய்த பழைய திருத்தமான கடிகாரம் ஒன்று அவர் குடும்பத்தில் இருந்தது. வாரந்தோறும் கிறீனிச் வானியல் நிலையத்துக்குப் போய் அதைச் சரிபார்த்துச் சான்று வாங்கிக்கொண்டு, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்க் காட்டுவார். அவர்கள் தங்கள் கடிகாரங்களை அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டு சந்தா கட்டுவார்கள். தந்தை தொடங்கி, தாய் தொடர்ந்து, 1892 முதல் இவர் செய்தார். தந்திக் கம்பியும் வானொலியும் வந்த பிறகும் 1940 வரை விடவில்லை.

மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்பவரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். தட்டெழுத்தாளர். 1927 ஒக்டோபர் 7ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பிரித்தானியப் பெண். அதே மாதத்தில் இன்னொருத்தி பொய்யாக நீந்தியதாகச் சொல்லிப் பிடிபட்டதால் இவரையும் சந்தேகித்தார்கள். மீண்டும் நீந்திக் காட்டுகிறேன் என்று 21ஆம் திகதி இறங்கினார். அம்முறை கழுத்தில் ரொலெக்ஸ் நிறுவனத்தின் நீர் புகாத சிறு கடிகாரம் தொங்கியது. குளிர் தாங்க முடியாமல் பத்து மணித்தியாலத்துக்குப் பிறகு அவரைத் தூக்கவேண்டி வந்தது. கடிகாரம் நிற்கவில்லை. நிறுவனம் அடுத்த மாதமே நாளிதழின் முன்பக்கத்தில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. இன்று ரொலெக்ஸ் கட்டும் ஆண்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இருட்டில் ஒளிரும் முகப்புகளின் கதை. முதலாம் உலக மகா யுத்தக் காலத்தில் பதுங்குகுழியில் நேரம் பார்க்க வேண்டும் என்பதற்காக ரேடியம் கலந்த மையால் இலக்கங்களை வரைந்தார்கள். அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தின் ஒரேஞ்ச் என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலையில் இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் இளம் பெண்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தூரிகை நுனி கூராக இருக்க அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் தூரிகை வாய்க்குப் போய் வந்தது. ரேடியம் கல்சியத்தைப் போல எலும்பில் போய்த் தங்கும். சில வருடங்களில் பற்கள் விழுந்தன. தாடை எலும்பு உக்கியது. கிரேஸ் பிரையரும் இன்னும் நால்வரும் நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டனர். வழக்குப் பேச வக்கீல் கிடைக்கவே அவர்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. 1928இல் வழக்கு இணக்கமாக முடிந்து ஆளுக்குப் பத்தாயிரம் டொலரும், ஆண்டுக்கு அறுநூறு டொலரும், வைத்தியச் செலவும் தரப்பட்டன. அந்தப் பணத்தை நீண்ட காலம் வாங்க அவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இருக்கவில்லை. வேலைத்தளங்களில் தொழிலாளர் பாதுகாப்புப் பற்றிய சட்டங்கள் இறுகியதற்கு அந்த ஐவரின் வழக்கும் ஒரு காரணம்.

இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தியும் உண்டு. வீட்டில் மிகப் பழைய, யுத்தக் காலத்துக் கடிகாரம் இருந்து, அதன் இலக்கங்கள் பழுப்பு நிறத்தில் தடிப்பாக இருந்தால் அதைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். இருட்டில் ஒளிரவில்லையே என்று நினைக்கவேண்டாம். ஒளி தரும் இரசாயனம் செத்திருக்கும், ரேடியம் சாகாது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 வருடம். இப்போதைய கடிகாரங்களில் பூசப்படுவது கதிரியக்கமில்லாத பொருள். 1993இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிச்சத்தைக் குடித்து வைத்திருந்து இருட்டில் விடுகிறது.

எங்கள் நாட்டுக்காரரின் படங்களுக்கு மட்டும் உரிய கதை ஒன்றையும் சொல்லவேண்டும். 1996 மே மாதத்தில், நீர்த்தேக்கங்கள் வற்றி மின்வெட்டு வந்த போது, அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலத்தை 2006 ஏப்ரலில்தான் திருப்பித் தந்தது. அந்தப் பத்து வருடமும் எங்கள் ஊரில் கலியாண அழைப்பிதழில்கூட "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்கவேண்டியிருந்தது. சூரியனை யாராலும் தள்ள முடியாதல்லவா? பள்ளிவாசலில் லுஹர் அதே உச்சிப் பொழுதில்தான் நடந்தது. பலகையில் எழுதிய எண் மட்டும் மாறியது. எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் புதிய நேரத்திலும் வாப்பாவின் கைக்கடிகாரம் பழைய நேரத்திலும் ஓடின. கடைசிவரை அவர் மாற்றவில்லை.

அந்தக் கைக்கடிகாரம்தான் இப்போது என் கையில் இருப்பது. வாப்பா கட்டினாலும், வாங்கியவர் உம்மா.

சீக்கோ 5 என்ற வகை 1963இல் வந்தது. ஐந்து என்பது ஐந்து குணங்கள்: கை அசைவிலேயே தானாக முறுக்கிக்கொள்ளும், கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில் தெரியும், நீர் புகாது, முறுக்கும் குமிழ் நான்கு மணிப் பக்கம் ஒதுங்கியிருக்கும், உறையும் பட்டியும் உறுதியானவை. உள்ளே அரைவட்ட எடை ஒன்று இருக்கிறது. கை அசையும்போதெல்லாம் அது சுழன்று வில்லை முறுக்கும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளுக்குச் சற்று மேல் ஓடிவிட்டு நின்றுவிடும். மத்திய கிழக்குக்கு அனுப்பப்பட்ட கடிகாரங்களில் கிழமைகள் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தன. எண்பதுகளில் அங்கு போய்வந்தவர்களின் கையில் எல்லாம் இதைக் காணலாம்.

பின்மூடியைப் பார்த்து இதன் வயதைச் சொல்லலாம். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். சீக்கோவின் பின்மூடியில் ஆறு இலக்கத் தொடர் எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம், ஒக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. என்னுடையது 58 என்று தொடங்குகிறது. ஐந்தில் முடியும் ஆண்டின் ஓகஸ்ட். எழுபத்தைந்தா, எண்பத்தைந்தா, தொண்ணூற்றைந்தா என்று எண் சொல்லாது. அதைச் சொன்னது உம்மாவின் கடவுச்சீட்டு. 1984இல் ரியாதுக்குப் போய் 1986இல் திரும்பியிருக்கிறார். 1985 ஓகஸ்டில் ஜப்பானில் இந்தக் கடிகாரத்தை யாரோ பூட்டிக்கொண்டிருந்த போது, உம்மா ஒரு வீட்டில் சமையலும் பிள்ளை பராமரிப்புமாக இருந்தார். எனக்கு அப்போது மூன்று வயது. மூத்தும்மாவோடு இருந்தேன்.

ஆண்கள் கடிகாரத்தை வாங்கியது வாப்பாவுக்குக் கொடுக்கவென்று. ஆனால் திரும்புவதற்கு எட்டு மாதம் இருக்கும்போதே வாங்கிவிட்டார். பெட்டியில் வைத்தால் நின்றுபோகும் என்று கடைக்காரர் சொன்னதால் தானே கட்டிக்கொண்டாராம். இதைக் கேட்டறிந்தது நான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்த பிறகு. அதற்கு முன் அந்த இரண்டு வருடத்தைப் பற்றி உம்மா வாய் திறந்து கதைத்ததில்லை. மணிக்கூட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொன்னார்.

"அந்த வீட்ட எனக்குக் கிழமை தெரிய வேற வழி இல்ல மகள். எல்லா நாளும் ஒரே நாள்தான். இதுல அரபுல வரும். வெள்ளிக்கிழமை வந்தா, ஒரு கிழமை போயிட்டுதெண்டு நினைப்பன்."

எட்டு மாதம் என்றால் முப்பத்து நாலு வெள்ளிக்கிழமைகள்.

கடந்த வருடம் அதன் கண்ணாடி கீறி மங்கி, நாளுக்கு நாலு நிமிடம் பிந்தத் தொடங்கியது. பஸாரில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் சிறு வில்லையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காக்காவிடம் கொண்டுபோனேன். நான் படிக்கும் காலத்தில் அந்தத் தெருவில் அப்படி நாலு பேர் இருந்தார்கள். இப்போது அவர் ஒருவர். அவருடைய மகன் கைத்தொலைபேசி திருத்துகிறார்.

முகப்பில் பழுப்பேறிய புள்ளிகள் இருந்தன. புது முகப்பு ஒன்று இருக்கிறது, போட்டுத் தருகிறேன் என்றார். படம் அனுப்பினேன். வட்டத்தில் ஒருவர் தவிர எல்லோரும் கூடாது என்றார்கள். கடிகாரப் பிரியர்களிடம் இதில் உறுதியான கொள்கை உண்டு: இயந்திரத்தைத் திருத்தலாம், எண்ணெய் போடலாம், நீர் புகாமல் காக்கும் றப்பர் வளையத்தை மாற்றலாம். முகப்பைத் தொடக்கூடாது. புது முகப்பு, வேறொன்றின் முட்கள், மூன்றாவதன் உறை என்று ஒட்டுப்போட்ட சீக்கோக்கள் சந்தையில் நிறைய உண்டு. பளபளவென்று இருக்கும். அவை எந்த வருடத்தவை, யார் கட்டியவை என்று கேட்டால் பதில் இல்லை. கட்டாரிலிருக்கும் தம்பி மட்டும் வேறு மாதிரிக் கேட்டான். அரபிக் கிழமையோடு, வாங்கிய நாளிலிருந்து பிரிக்கப்படாத எண்பத்தைந்தாம் ஆண்டுக் கடிகாரமா, எவ்வளவுக்குத் தருவீர்கள் லாத்தா? அவன் சொன்ன தொகை நாங்கள் எதிர்பார்க்காத தொகை. 2017இல் நடிகர் போல் நியூமனின் ரொலெக்ஸ் ஏலத்தில் ஒரு கோடியே எழுபத்தேழு இலட்சம் டொலருக்கு மேல் போனதும் கிட்டத்தட்ட இதே காரணத்துக்காகத்தான். அதைக் கொடுத்தது அவர் மனைவி. கார் ஓட்டப் பந்தயத்தில் பைத்தியமாக இருந்த கணவனுக்குக் கவனமாக ஓட்டும்படி பின்மூடியில் செதுக்கியிருந்தார். விலை போனது அந்த எழுத்துக்கு.

உம்மாவிடம் விலையைச் சொன்னேன். அவர் முகப்பைப் பற்றித்தான் கேட்டார். "அந்தக் கிழமைத் தட்டையும் மாத்துவாரா?"

மாற்ற மாட்டார் என்றேன்.

காக்கா பொறியைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் போட்டு, கண்ணாடியையும் வளையத்தையும் மாற்றினார். ஐந்து நாள் எடுத்தது. முகப்பும் முட்களும் கிழமைத் தட்டும் அப்படியே இருக்கின்றன. இப்போது நாளுக்குப் பதினெட்டு செக்கன் முந்துகிறது. வெள்ளிக்கிழமை காலையில் வானொலிச் செய்தி மணியோசைக்குச் சரி செய்கிறேன். அடுத்த வெள்ளிக்கு இரண்டு நிமிடம் கூடியிருக்கும்.